ஒரே அளவு, ஒரே ஓம், வேறு சத்தம்: வெள்ளவத்தை வீடொன்றின் பழைய ஸ்பீக்கர் சோடி

பின்னணி

2022 ஜனவரி நடுப்பகுதியில் ஓர் ஓட்டோவின் பின்சீற்றில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் என் வேலைமேசைக்கு வந்து சேர்ந்தன. கூட வந்தவர் எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற கணக்காளர். வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசியில். ரயில் பாதையைத் தாண்டினால் கடல்தான்.

பெட்டிகளை அவர் 1982இல், குவைத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கிக் கப்பலில் அனுப்பியிருக்கிறார். அமெரிக்கத் தயாரிப்பு. அடிச்சத்தத்துக்கு 10 அங்குல வூபர், நடுச்சத்தத்துக்கு ஒன்று, மேல்சத்தத்துக்கு ட்வீட்டர் ஒன்று என ஒவ்வொன்றிலும் மூன்று. முன்னாலோ பின்னாலோ காற்றுத் துளை எதுவும் இல்லாத, முழுதாக மூடிய பெட்டி. மகன் புளூடூத் செட் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அப்பாவுக்கு மனம் வரவில்லை.

இவர் இளமையில் மிருதங்கம் கற்றவர். வார இறுதியில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறார். அதனால் முறைப்பாடும் மிகத் துல்லியமாக இருந்தது: “வலந்தலை வடிவாக் கேக்குது தம்பி. தொப்பியைத்தான் காணேல்லை.”

வலந்தலை மிருதங்கத்தின் வலப்பக்கம், தொப்பி அதன் இடப்பக்கம். வாசிக்கும் முன் ரவையைக் குழைத்துத் தொப்பியின் நடுவில் அப்பிச் சுருதியை இறக்குவார்கள். கையின் அடிப்பக்கத்தால் அழுத்தி வழுக்கும்போது எழும் கும்கி எனப்படும் அந்தத் தாழ்ந்த சத்தம், ஸ்பீக்கரில் வூபர் இல்லாமல் வராது. “காணேல்லை” என்று அவர் சொன்னதை அப்படியே பழுதுச் சீட்டில் எழுதிக்கொண்டேன். வாடிக்கையாளர் சொல்வதை நம் தொழில் மொழிக்கு உடனே மாற்றி எழுதினால் பாதி விஷயம் தவறிப்போகும் என்பது என் அனுபவம்.

முன்பு செய்த திருத்தங்கள்

இரண்டு பெட்டியிலும் ஏற்கெனவே கை வைத்திருந்தார்கள். இடப்பக்கப் பெட்டியின் வூபர் பழுதாகி, ஒரு கடையில் கொடுத்து, அதே 10 அங்குலத்தில் வேறொரு வூபரைப் பொருத்தியிருக்கிறார். வலப்பக்கத்தில் பழைய வூபரே இருந்தது. அதன் கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் ஸ்பொஞ்ச் விளிம்பில் வெடிப்பு விழுந்த இடங்களில் சைக்கிள் டியூப் ஒட்டும் சொலூசனைப் பூசியிருந்தார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை.

எப்போது என்று கேட்டேன். நினைவில்லை என்றார். ஆனால் அடுத்த நாள் ஒரு பொதியோடு வந்தார். கழற்றிய பழைய இடப்பக்க வூபரைக் கடைக்காரரிடமிருந்து திரும்ப வாங்கி, அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்திருக்கிறார். சுற்றியிருந்த வீரகேசரித் தாள் 1998 ஜூலை மாதத்தது. ஆக, அந்தத் திருத்தம் நடந்து ஏறத்தாழ 24 வருடங்கள்.

அந்தப் பொதி வந்திருக்காவிட்டால் இந்த நிகழ்வின் முடிவே வேறு. கழற்றிய சாமானை வாடிக்கையாளரிடம் திரும்பக் கொடுத்த அந்தக் கடைக்காரரை நான் மதிக்கிறேன். அவர் போட்ட வூபர் தவறானது என்றாலும்கூட.

பரிசோதனையில் கண்டவை

முதலில் வலப்பக்கம். துணி மறைப்பைக் கழற்றியதுமே விளிம்பு தெரிந்தது. சொலூசன் காய்ந்து தோல் போல இறுகிய இடங்கள், நடுவில் விரல் நுழையும் அளவு இரண்டு கிழிசல்கள். இறுகிய இடத்தில் கூம்பு நகரவில்லை. கிழிந்த இடத்தில் தளர்ந்து ஆடியது. சத்தம் கூட்டியபோது கேட்ட “பட பட” அதுதான்.

பொதியில் வந்த இடப்பக்க வூபரின் விளிம்பைத் தொட்டதும் அது விரலோடு வந்துவிட்டது. சில இடத்தில் உதிர்ந்த தூள், சில இடத்தில் பனங்கட்டிப் பாகு போல ஒட்டும் கறுப்புப் பசை. இந்தக் கால ஸ்பொஞ்ச் விளிம்புகளுக்கு இதுதான் முடிவு. அவை பெரும்பாலும் பொலியெஸ்டர் வகைப் பொலியூரேத்தேன். காற்றிலுள்ள ஈரம் அதன் இணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் அறுக்கும். பெட்டியில் பூட்டி வைத்த புது ஸ்பீக்கரும் இதற்குத் தப்பாது. பொதுவாக 10 முதல் 20 வருட ஆயுள் சொல்வார்கள். ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும் கொழும்பில், அதுவும் கடலோரத்தில், நான் கீழ்க்கணக்கையே எடுப்பேன்.

விளிம்பு போனால் வூபர் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்த வூபரின் கூம்பு உறுதியாக இருந்தது. ஓரத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தைக் கரப்பான் அரித்திருந்தது, அவ்வளவே. கூம்பை ஆட்டும் கம்பிச் சுருளான வொய்ஸ் கொயில் மீட்டரில் 5.9 ஓம் காட்டியது. வலப்பக்க வூபரும் 5.9. எட்டு ஓம் என்று எழுதிய வூபருக்கு நேர்மின் தடை ஐந்தரை முதல் ஏழு வரை வருவது வழக்கம். கொயிலை நடுவில் பிடித்து வைக்கும், ஸ்பைடர் எனப்படும் மடிப்புத் துணி இரண்டிலும் நடுவிலேயே நின்றது. வொய்ஸ் கொயிலுக்குப் போகும் பின்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தேன், அறவில்லை. ஆனால் இடப்பக்க வூபரின் கூம்பை நேராக அழுத்தியபோது உள்ளே மெல்லிய உராய்வு. கொயில் அசையும் காந்த இடைவெளியில் துரு. அலுமாரியில் இருந்தாலும் உப்புக்காற்று விடவில்லை.

பிறகு 1998இல் போட்ட வூபர். மேடை, ஒலிபெருக்கி வேலைகளுக்கென்று செய்யப்பட்ட வகை. கனமில்லாத காகிதக் கூம்பு, விறைப்பான மடிப்புத் துணி விளிம்பு. தடை 6.1 ஓம். அளவும் ஒன்று, ஓமும் கிட்டத்தட்ட ஒன்று. மாற்றியவர் பார்த்தது இந்த இரண்டையும்தான் என்று நினைக்கிறேன். நானும் தொழில் தொடங்கிய காலத்தில் அப்படித்தான் பார்த்தேன்.

பார்க்க வேண்டிய மூன்றாவது எண் ஒன்று உண்டு: வூபர் தன் இயல்பில் எந்த அதிர்வில் அதிகம் ஆடுகிறது என்பது. இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. அம்பிளிபயருக்கும் வூபருக்கும் இடையே 1,000 ஓம் தடை ஒன்றைத் தொடராக வைத்து, கைப்பேசியிலிருந்து தனிச்சுரத்தை அனுப்பி, அதிர்வெண்ணைக் கீழிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். வூபரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் ஓரிடத்தில் வோல்ட் உச்சத்துக்கு ஏறி இறங்கும். அந்த உச்சம் வரும் அதிர்வெண்தான் நாம் தேடுவது. மேடை வூபர் காட்டியது 58 ஹேர்ட்ஸ். பெட்டிக்குள் பொருத்தி அளந்தபோது 92.

அந்தக் காலத்து மூடிய பெட்டி வூபர்கள் வெளியில் 20க்கும் 30க்கும் இடையே நிற்கக் கூடியவை. 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் கொண்டுவந்த யோசனை அது. வூபரின் தாங்கலை வேண்டுமென்றே தளர்வாக விட்டு, பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்துவது. அதனால்தான் சின்னப் பெட்டியிலிருந்து அவ்வளவு தாழ்ந்த சத்தம் வந்தது. அந்தப் பெட்டிக்குள் ஏற்கெனவே விறைப்பான வூபரைப் போட்டால் காற்றின் விறைப்பும் சேர்ந்துகொள்ளும். 92க்குக் கீழே சத்தம் வேகமாகச் சரியும். தொப்பி காணாமல் போனது இங்கேதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மேடை வூபரின் சட்டம் சற்றுப் பெரிது. அதை நுழைக்கப் பெட்டியின் வட்டத்தை உளியால் அரிந்திருந்தார்கள். சிப் போர்ட் பலகை மூன்று இடங்களில் பிய்ந்து, சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே ஒரு காசு நுழையும் வெளி. மூடிய பெட்டி என்பது பெயருக்குத்தான். 92 என்ற எண்ணைப் பெறுவதற்கே அந்த வெளியை நான் புட்டியால் அடைக்க வேண்டியிருந்தது.

தெரிவுகளும் தீர்மானமும்

மூன்று வழிகள் இருந்தன. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புதிதாக ஒரு சோடி வூபர் வாங்கி இரண்டு பெட்டிக்கும் போடலாம். வெளிநாட்டில் இதே மொடல் வூபரைப் பழையதாகத் தேடலாம். அல்லது கையிலிருக்கும் இரண்டு அசல் வூபர்களுக்கும் புது விளிம்பு போடலாம்.

பழையதைத் தேடும் வழியை உடனே விட்டேன். 40 வருடப் பழைய வூபரின் விளிம்பும் 40 வருடப் பழையதாகவே இருக்கும். தபாலில் காந்தம் அடிபட்டு நகர்ந்தால் அதுவும் போச்சு.

புது வூபர் என்ற யோசனையை அவ்வளவு சுலபமாக விட முடியவில்லை. வேலை ஒரு நாளில் முடியும். புறக்கோட்டையில் நாலைந்து கடை ஏறி இறங்கினேன். 10 அங்குலத்தில் கிடைத்தவை இரண்டு வகை: ஒன்று நான் கழற்றிய மேடை வூபரின் தம்பிமார், மற்றது காருக்கான கனத்த வூபர்கள். கார் வூபர் தாழ இறங்கும்; ஆனால் அநேகமானவை 4 ஓம், அதோடு அதே மின்சாரத்துக்குச் சத்தம் குறைவு. நடுச்சத்தமும் ட்வீட்டரும் பழைய அளவிலேயே இருக்க, அடிச்சத்தம் மட்டும் பின்தங்கிவிடும். ஒரு வூபரும் ஒரு பெட்டியும் எப்படிப் பொருந்தும் என்பதை எண்களால் முன்கூட்டியே சொல்லலாம். அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் அதற்கான கணக்கைச் செய்து வைத்தார்கள். நான் கேட்ட எந்தக் கடையிலும் வூபரோடு அந்த எண்கள் எழுதிய தாள் இல்லை. எண் தெரியாமல் வாங்கினால் 1998இல் நடந்ததையே நான் மறுபடி செய்கிறேன் என்று அர்த்தம்.

ஆகவே புது விளிம்பு. இரண்டு வூபருக்கும் ஒரே நாளில், ஒரே பொதியிலிருந்து, ஒரே பசையால். ஒன்று இன்று, மற்றது அடுத்த வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ஐயாவிடம் சொன்னேன். ஸ்டீரியோவில் இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருந்தால்தான் பாடகர் நடுவில் நிற்பார். அவருக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. தம்புராவின் நடுவிலுள்ள இரண்டு தந்தியில் ஒன்றை மட்டும் வேறு கம்பியில் கட்டுவாயா என்று அவரே கேட்டார்.

விளிம்பு வாங்கும்போது “10 அங்குலம்” என்று சொன்னால் போதாது. கூம்பின் வெளிவிட்டம், சட்டத்தின் உட்படி, விளிம்பு வளைவின் அகலம், கூம்போடு ஒட்டும் உதடு தட்டையா சரிவா என்ற நாலையும் அளந்தேன். இந்தக் கூம்பின் ஓரம் சரிவானது. தட்டை உதடு போட்டால் விளிம்பு கூம்பை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அளவுகளை ஐயாவின் சகோதரி மகனுக்கு ரொறன்ரோவுக்கு அனுப்பினோம். அவர் அங்கே வாங்கிச் சாதாரணக் கடித உறையில் போடுவதாக ஏற்பாடு. பெப்ரவரியில் அமெரிக்க டொலர் 203 ரூபாய் அளவில் நின்றது. 30 டொலருக்குள் வரும் பொதி 6,000 ரூபாய்க் கணக்கு. மே மாதம் டொலர் 360 ஆனபோது அதே பொதி 10,800 ரூபாய். அந்த வருடம் இங்கே தொழில் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு மறக்காது.

காத்திருந்த காலத்தில் நான் செய்த தவறு

தபால் வரவில்லை. மார்ச் முதல் கிழமையில் பொறுமை போய், புறக்கோட்டையில் கிடைத்த ரப்பர் விளிம்பு ஒன்றை வலப்பக்க வூபருக்குப் போட்டுப் பார்த்தேன். என் நியாயம் இதுதான்: ரப்பர் ஈரத்துக்கு அழியாது. இந்த ஊருக்கு ரப்பர்தானே நல்லது? ஐயாவும் சம்மதித்தார்.

ஒட்டிக் காய்ந்ததும் அளந்தேன். வூபர் வெளியில் 41 ஹேர்ட்ஸ், பெட்டிக்குள் 59. மேடை வூபரை விட எவ்வளவோ மேல். பாட்டுப் போட்டபோது “பட பட” இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் கூம்பை விரலால் தள்ளும்போது ஒரு விறைப்பு தெரிந்தது; அந்த விளிம்பு தடித்தது, மேலதிகக் கனமும் கொண்டது. ஐயா பத்து நிமிடம் கேட்டார். தொப்பி வந்திருக்கிறது, ஆனால் ரவை காய்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றார். ரவை காய்ந்தால் தொப்பியின் சுருதி ஏறிவிடும். மீட்டர் சொன்ன அதே விஷயத்தை அவர் காது சொன்னது.

ரப்பர் விளிம்பு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ரப்பருக்கென்றே வடிவமைத்த வூபரில் அதுதான் இருக்க வேண்டும். தளர்வான ஸ்பொஞ்சை நம்பிச் செய்த வூபரில் தடித்த ரப்பரைப் போட்டு, ஆயுளுக்காகச் சத்தத்தை விற்றது என் தவறு. அதைக் கழற்றுவதில் கூம்பின் ஓரக் காகிதம் இரண்டு இடத்தில் உரிந்தது. அந்தச் சேதத்துக்கு முழுப் பொறுப்பும் நான்தான். அதற்கான வேலைக்குக் கூலி எடுக்கவில்லை.

மின்வெட்டும் எக்ஸ்ரே தாளும்

கடித உறை ஏப்ரல் இரண்டாம் கிழமை வந்து சேர்ந்தது. அதற்குள் நிலைமை மாறியிருந்தது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. ஏப்ரலில் குறைந்தாலும் மின்சாரம் எப்போது நிற்கும் என்று நம்பி வேலை செய்ய முடியவில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. விளிம்பு ஒட்டும்போது வொய்ஸ் கொயில் காந்த இடைவெளியின் சரி நடுவில் நிற்க வேண்டும். அதற்கு இரண்டு முறைகள். ஒன்று, பசை ஈரமாக இருக்கும்போதே 30 ஹேர்ட்ஸ் சுரத்தை மெதுவாக அனுப்பி, உரசல் கேட்காத இடத்துக்குக் கூம்பை நகர்த்துவது. நடுவிலுள்ள குமிழ் மூடியைத் தொட வேண்டியதில்லை என்பதால் வழக்கமாக நான் இதைத்தான் செய்வேன். மற்றது, குமிழ் மூடியை வெட்டி எடுத்து, கொயிலுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே மெல்லிய கீற்றுகளைச் செருகிப் பிடித்துவைப்பது. பசை பிடிக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றால் முதல் முறை கவிழ்ந்துவிடும். அதனால் இரண்டாவதைத் தெரிவு செய்தேன். இடப்பக்க வூபரில் துருவும் இருந்ததால் மூடியை எப்படியும் திறக்கத்தான் வேண்டும்.

கீற்றுக்குப் பழைய எக்ஸ்ரே தாள். ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிப்பு, வழுக்கும், கொயிலைக் கீறாது. 8 மில்லிமீட்டர் அகலத்தில் நீளமாக வெட்டி, சுற்றிவர எட்டு கீற்றுகள் ஒவ்வொன்றாகச் செருகினேன். எதிரெதிராகச் செருகுவது முக்கியம். ஒரு பக்கமாகத் தொடங்கினால் கொயில் மறுபக்கம் சாய்ந்துவிடும். செருகும் முன் துரு. மெல்லிய அட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டுநாடாவைத் திருப்பிச் சுற்றி, இடைவெளிக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றி எடுத்தேன். முதல் தடவை நாடா முழுவதும் செங்கல் நிறம். ஆறாவது தடவை வெறும் நாடாவாக வந்தது. ஊதக் கூடாது, ஊதினால் தூள் இன்னும் ஆழத்துக்குப் போகும்.

பழைய விளிம்பின் மிச்சத்தைச் சட்டத்திலிருந்து மொண்ணைக் கத்தியால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடைத்தேன். வலப்பக்கக் கூம்பிலிருந்த சொலூசனை லைட்டர் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு இளக்கி உருட்டி எடுக்க ஒரு முழுப் பின்னேரம் போனது. 24 வருடமாகப் பூசிய பூச்சு. கரப்பான் அரித்த இடத்துக்கும் நான் உரித்த இடங்களுக்கும் பட்டம் கட்டும் மெல்லிய தாளைக் கிழித்து, முன்னும் பின்னும் வெள்ளைப் பசையால் ஒட்டினேன். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் மெல்லியதாகிக் கூம்போடு கலந்துவிடும்.

விளிம்புக்கும் அதே வெள்ளைப் பசை. முதலில் கூம்பில் மட்டும் ஒட்டி, சுற்றிவர விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். அது பிடித்ததும் சட்டத்தில் பசை தடவி, விளிம்பை இறக்கி, உடுப்புக் கிளிப்புகளால் கவ்வினேன். ஒரு வூபருக்கு 16 கிளிப். 24 மணி நேரம் போதும் என்று நினைத்துக் கழற்றினேன். பின்னேர இடிமழைக் காலம், காற்றில் அவ்வளவு ஈரம். இடப்பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு விளிம்பு எழும்பிவிட்டது. மீண்டும் பசை, மீண்டும் கிளிப், இந்த முறை 48 மணி நேரம். கீற்றுகளை உருவிய பிறகு கூம்பை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தேன். உரசல் இல்லை. குமிழ் மூடிகளைத் திரும்ப ஒட்டினேன்.

பெட்டி வேலை

உளியால் அரிந்த வட்டத்துக்கு பிளைவூட் வளையம் வெட்டி ஒட்டி, அசல் அளவுக்குக் கொண்டுவந்தேன். பழைய திருகு ஓட்டைகளை மரக்குச்சியும் பசையும் இட்டு அடைத்துப் புதிதாகத் துளைத்தேன். சத்தத்தை மூன்று ஸ்பீக்கருக்கும் பிரித்தனுப்பும் கிரொஸ்ஓவரில் இருந்த முனையில்லாக் கெப்பாசிட்டர்களில் 10 மைக்ரோபரட் என்று எழுதியது 14க்கு மேல் காட்டியது. எல்லாவற்றையும் அதே மதிப்பில், அதே எலெக்ட்ரோலிட்டிக் வகையில் மாற்றினேன். விலை கூடிய பிலிம் வகை போடாததற்குக் காரணம், அதன் உள்தடை மிகக் குறைவு; ட்வீட்டர் முன்னை விடச் சற்றுக் கூர்மையாகிவிடும். பின்னாலிருந்த சத்தச் சமன் திருகிகள் இரண்டும் பச்சை பிடித்திருந்தன. சுத்தம் செய்தேன்.

வூபரைப் பொருத்தியதும் செய்ய வேண்டிய எளிய பரிசோதனை ஒன்று: கூம்பை மெதுவாக உள்ளே தள்ளிப் பிடித்து, பிறகு விட வேண்டும். பெட்டி காற்றுப் புகாததாக இருந்தால் கூம்பு தயங்கித் தயங்கித் திரும்பும். சட்டென்று துள்ளினால் எங்கோ ஓட்டை. இடப்பக்கம் முதல் தடவை துள்ளியது. பின் முனையில் வயர் போகும் துளை. அடைத்த பிறகு சரியானது.

பின்னர் நடந்தது

மே முதல் கிழமை, 20 மணி நேரம் பாடவிட்ட பிறகு எடுத்த அளவுகள்: வலப்பக்கம் வெளியில் 27 ஹேர்ட்ஸ், பெட்டிக்குள் 52. இடப்பக்கம் வெளியில் 28, பெட்டிக்குள் 53. ஒரு ஹேர்ட்ஸ் வித்தியாசம் இந்த வயதில் ஒன்றுமே இல்லை. ஒன்றரை வோல்ட் பற்றரியைத் தொட்டுப் பார்த்து இரண்டு கூம்பும் ஒரே திசையில் நகர்வதையும் உறுதி செய்துகொண்டேன்.

வெள்ளவத்தை வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். ஐயா தன் இசைத்தட்டுகளில் ஒன்றைப் போட்டார். தனி ஆவர்த்தனம் வரும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. வந்ததும் கண்ணை மூடியபடி இடது கையால் முழங்காலில் கூடவே வாசித்தார். முடிந்ததும் சொன்னது: “இப்பதான் ரெண்டு பெட்டியிலயும் ஒரே மிருதங்கம்.”

அப்புறம்தான் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று. தட்டு நின்ற பிறகும் அறையில் ஒரு மெல்லிய “ம்ம்ம்”. புது வேலையில் ஏதோ பழுது என்று ஐயாவின் முகம் வாடிவிட்டது. என் முகமும்தான். ஆனால் அந்தச் சத்தம் இரண்டு பெட்டியிலும் சமமாக, 50 ஹேர்ட்ஸில் இருந்தது. நம் மின்சாரத்தின் அதே எண். இசைத்தட்டுக் கருவியிலிருந்து அம்பிளிபயருக்குப் போகும் மெல்லிய பூமிக் கம்பி, திருகின் அடியில் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. சுரண்டி இறுக்கியதும் நின்றது. அந்தக் கம்பி எத்தனை வருடமாகத் தளர்ந்திருந்ததோ. அதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய வூபர் அந்த அறையில் இவ்வளவு காலமும் இருக்கவில்லை.

இன்னொரு முறை என்றால்

இந்த வேலை ஜனவரியில் தொடங்கி மேயில் முடிந்தது. அதில் தபாலுக்கும் மின்வெட்டுக்கும் நான் பொறுப்பில்லை. ரப்பர் விளிம்புக்குப் பொறுப்பு. கைவசம் இருப்பதைப் போட்டுப் பார்க்கும் ஆசை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வரும். இப்போது அப்படி வந்தால் வாடிக்கையாளரின் வூபரில் அல்ல, மேசைக்கடியில் கிடக்கும் செத்த வூபர் ஒன்றில் போட்டு அளக்கிறேன்.

கழற்றும் முன் அளப்பதிலும் மாற்றம். வலப்பக்க வூபரைச் சொலூசன் பூசிய நிலையிலேயே அளந்து எழுதியிருந்தால் பின்னால் ஒப்பிட ஒரு எண் இருந்திருக்கும். அவசரத்தில் விட்டுவிட்டேன். பசைக்கு இனி 48 மணி நேரம்தான், மழைக்காலமோ வெயில்காலமோ. அதோடு ஒவ்வொரு வூபரின் காந்தத்தின் பின்னாலும் விளிம்பு மாற்றிய மாதம், வருடம், பெட்டிக்கு வெளியிலும் உள்ளேயும் எடுத்த எண்கள் எல்லாவற்றையும் எழுதி ஒட்டுகிறேன். இந்த ஸ்பொஞ்சும் பத்துப் பதினைந்து வருடத்தில் போகும். ஐயாவுக்கு அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்போது திறப்பவர் வேறொருவராக இருக்கலாம். அவருக்கு எந்த எண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்று தெரிய வேண்டும்.

சொலூசன், சிலிக்கன், நகப்பூச்சு என்று எதையும் ஸ்பொஞ்ச் விளிம்பில் பூச வேண்டாம் என்று வருபவர்களிடம் சொல்கிறேன். கிழிந்தால் பாட்டை நிறுத்திவிட்டுக் கொண்டுவரட்டும். கிழிந்த விளிம்போடு ஓடவிட்டால் கொயில் உரசி அறுந்துவிடும். அதன் பிறகுதான் வேலை உண்மையிலேயே பெரிதாகிறது.

பதினெட்டு மாதங்களுக்குப் பின்

2023 நவம்பரில் அந்த வீட்டுக்கு ஒருமுறை போனேன். விளிம்பு மென்மையாக இருந்தது, ஒட்டும் தன்மை இல்லை. அளவுகள் 27, 27. இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் தளர்ந்து மற்றதோடு சேர்ந்துகொண்டது. கடற்பக்க ஜன்னலுக்கு நேரே இருந்த பெட்டியை ஐயா எதிர்ச்சுவருக்கு மாற்றியிருந்தார்.

கழற்றிய மேடை வூபரை அவர் என்னிடமே விட்டிருந்தார். அதில் ஒரு குறையும் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலின் அறிவிப்புப் பெட்டியில் வூபர் எரிந்துபோனதாக வந்தபோது, பெட்டியின் அளவையும் துளையையும் பார்த்துவிட்டு இதைப் போட்டுக் கொடுத்தேன். திருவிழா முழுவதும் நல்ல தெளிவாகக் கேட்டதாகச் சொன்னார்கள்.